குறைந்தது பத்து எழுத்து

லிங்கிச் செட்டித் தெருவில்
ஜெராக்ஸ் கடைக்கு மேலே மூன்றாவது மாடி.
லிஃப்டில் இருவர் போகலாம்,
ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டால்.
அங்கே உட்கார்ந்துதான் எழுதினேன்,
சேமிக்கும் முன் ஆவணத்தைச் சோதிக்கும் நிரலை.

அதுவரை யாரும் எதையும் சேமித்தார்கள்.
தலைப்பில்லாத பத்தி.
கீழே போகப்போகக் கட்டம் குறையும் அட்டவணை.
கன்டெய்னர் எண் இருக்க வேண்டிய இடத்தில்
யாரோ ஒருவரின் செல்போன் எண்.
இரவில் சேமிப்பில் ஏறிய பிழை
விடியற்காலை ஜீரோ கேட்டில் இறங்கும்.
ஓர் இலக்கம் பிசகினால் டிரெய்லர் திரும்ப வேண்டும்.
திரும்ப இடமேது?
எர்ணாவூர் வரைக்கும் ஹாரன்.

விதிகள் கொஞ்சம்தான்.
கன்டெய்னர் எண்ணின் கடைசி இலக்கம்
முன்னால் நிற்பவற்றுக்குச் சாட்சி சொல்ல வேண்டும்.
வரிசைக்கு வரிசை கட்டங்கள் ஒத்துப்போக வேண்டும்.
'தாமதக் காரணம்' காலியாக இருக்கக் கூடாது.
இருந்தால் 'சேமி' சாம்பல் பூத்துக் கிடக்கும்,
அழுத்த அழுத்த அசையாது.

முதல் வாரம் எல்லாக் காரணமும் ஒரு புள்ளி.
காலி இல்லையே!
குறைந்தது பத்து எழுத்து என்றேன்.
பத்துப் புள்ளி வந்தது,
கோலம் போட மறந்துபோன வாசல் மாதிரி.
புள்ளிகளைத் தடுத்தேன்.
ஓகே ஓகே ஓகே ஓகே என்றது மாதவரம்.
மழைமழைமழைமழை என்றது கொருக்குப்பேட்டை,
மே மாதம், கத்திரி வெயிலில்.

தமிழில் அடித்தவர்களுக்குச் சலுகை இருந்தது.
தண்ணீர் நமக்கு நான்கெழுத்து,
நிரலுக்கு ஏழு.
புள்ளியையும் சுழியையும் தனித்தனித் தலையாய் எண்ணியது,
மடியில் கிடக்கும் குழந்தைக்கும்
காசு கேட்கிற ஷேர் ஆட்டோபோல.
பிழைதான். தெரியும். திருத்தவில்லை.

பயனர் நாற்பத்தொன்று.
மணலி யார்டு, இரவு ஷிப்டு.
பெயர் தேசிங்கு. முகம் பார்த்ததில்லை.
பதிவுகளை உருட்டிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டார்:

'டிரைவரு தூங்கினு கீறாரு. எழுப்ப மன்சு வர்ல.'

உருட்டுவதை நிறுத்தினேன்.
பின்னோக்கிப் போனேன்.

'சாத்தாங்காட்டாண்ட வண்டி நகரல. டீ வாங்கிக் குட்த்தேன்.'
'கேஸ் நாத்தம். கண்ணு எரியுது. சீல் நம்பர் தெர்ல.'
'இவரு பொண்ணுக்கு ரிசல்ட்டு. போன் வர்ற வரிக்கும் நின்னுனு இருந்தாரு.'
அதற்கடுத்த வண்டிக்கு:
'பாஸு. கேட்ல எல்லாருக்கும் கமர்கட்டு.'

எல்லாவற்றுக்கும் பச்சை டிக் விழுந்திருந்தது.
ஓகே ஓகேவுக்கும் அதே பச்சை.
நீளமா என்று பார்க்கத்தான்
நிரலுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

ஆல்வின் சார் வெள்ளிக்கிழமை கூப்பிட்டார்.
'கதையெல்லாம் எழுதுறாங்க, வட்டப்படமே போட முடியல.
பட்டியலா குடுத்துடுங்க.
போக்குவரத்து, வானிலை, ஆவணம், இயந்திரம், சுங்கம்.
கடைசில ஒரு மற்றவை.'

அரை மணி நேர வேலை.
போன் பேசிக்கொண்டே முடித்தேன்.
காலடிப்பேட்டையில் மெட்ரோவை விட்டு இறங்கும்போது
பாலத்துக்குக் கீழே டிரெய்லர்கள்,
ஒன்றன் முதுகில் ஒன்று மூச்சுவிட்டபடி.
கேபினுக்குள் யாரோ ஸ்டீயரிங்மேல் தலை சாய்த்திருந்தார்.
காரணம் தேடினேன் பட்டியலில்.
ஆறாவது.

அந்த மாதம் நாற்பத்தொன்று தந்தது முழுக்க
மற்றவை. மற்றவை. மற்றவை.
வட்டப்படம் அழகாக வந்ததென்று
ஆல்வின் சார் சமோசா வரவழைத்தார்.

சென்ற செவ்வாய்க்கிழமை வேறெதையோ தேடும்போது
'சீல் நிறம்' என்றொரு பெட்டி.
யாரும் கண்டுகொள்ளாதது.
எவ்வளவு நீளமும் போகும், எந்த எழுத்தும் போகும்.
விதி எழுத மறந்திருக்கிறேன்.
ஞாபகம் வந்த பிறகும் ஒன்பது நாள் ஆகிவிட்டது,
நேரமில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

'நீலம். மழ வுட்ருச்சி.'
'செவப்பு. இன்னிக்கி வந்தவரு நல்லா பாடுறாரு.'
'நீலம். யாராச்சும் இத்த படிக்கிறீங்களா?'